போப்புக்கு மறுத்துப் பேசிய கிறிஸ்தவக் கட்சிகள்

ஐரோப்பாவில் கிறிஸ்தவர்களின் வாக்கை நம்பிப் பிறந்த கட்சிகளுக்கு ஏறத்தாழ 150 ஆண்டு வரலாறு உண்டு. ஜெர்மனியின் மையக் கட்சி, இத்தாலியின் மக்கள் கட்சி, அதன் வாரிசாக வந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, நெதர்லாந்தின் கத்தோலிக்க மக்கள் கட்சி, இன்றும் ஜெர்மன் அரசியலில் முன்வரிசையில் நிற்கும் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் ஆகியவை இந்த மரபில் முக்கியமானவை. பெயரை மட்டும் பார்ப்பவர்களுக்கு இவை திருச்சபையின் அரசியல் கிளைகளாகத் தோன்றும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கட்சிகள் தம் நாட்டு ஜனநாயகத்துக்குப் பெரிதும் பயன்பட்ட தருணங்கள் பலவும், அவை ரோமின் விருப்பத்துக்கு இணங்க மறுத்த தருணங்களே. இணங்கிப் போனபோது, அல்லது திருச்சபையே கட்சியைக் கைகழுவி ஆட்சியாளரோடு நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டபோது, கட்சியும் திருச்சபையும் சேர்ந்தே இழந்தன.

இரு தரப்புத் தேவை

திருச்சபைக்குக் கட்சி தேவைப்பட்டதற்குக் காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அரசு. அதுவரை பள்ளிக்கூடம், திருமணப் பதிவு, கல்லறை, அநாதை இல்லம், மருத்துவமனை ஆகியவை பெருமளவு திருச்சபையின் கையில் இருந்தன. புதிய தேசிய அரசுகள் அவற்றை ஒவ்வொன்றாகத் தம் வசப்படுத்தத் தொடங்கின. மன்னரிடம் ஆயர் ஒருவர் பேசிக் காரியம் முடித்த காலம் போய், சட்டங்கள் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பால் முடிவாகும் காலம் வந்திருந்தது. வாக்கு வேண்டுமென்றால் கட்சி வேண்டும்.

கட்சிக்குத் திருச்சபை தேவைப்பட்ட காரணம் இன்னும் எளிது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோவில், வாரந்தோறும் தவறாமல் கூடும் கூட்டம், எழுத்தறிந்த ஒரு குருவானவர், தொழிலாளர் சங்கம், பெண்கள் சங்கம், பத்திரிகை என ஆயத்தமாக இருந்த அமைப்பை வேறு எந்தக் கட்சியும் சொந்தச் செலவில் உருவாக்கியிருக்க முடியாது. ஜெர்மனியில் 1890-ல் தொடங்கப்பட்ட கத்தோலிக்க மக்கள் சங்கம் முதல் உலகப் போர் மூளும்போது சுமார் 8 லட்சம் உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. அதன் துண்டறிக்கைகளும் பயிற்சி வகுப்புகளும் மையக் கட்சிக்கு அடித்தளமாக அமைந்தன.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு கேள்வி தீராமலே இருந்தது. கட்சியின் முடிவை யார் எடுப்பது? வாக்களித்த மக்களா, ஆயர்களா, போப்பா?

வின்ட்ஹார்ஸ்ட் போட்ட எல்லை

ஜெர்மானியப் பேரரசு 1871-ல் உருவானபோது அதன் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் கத்தோலிக்கர். பேரரசின் தலைமை சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த பிரஷ்யாவிடம் இருந்தது. அதன் சான்சலர் பிஸ்மார்க், போப்புக்கு விசுவாசமாக இருக்கும் குடிமக்கள் பேரரசுக்கு விசுவாசமாக இருப்பார்களா என்று சந்தேகித்தார். 1871 இறுதியில் குற்றவியல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பொது அமைதிக்குக் கேடு வரும் விதத்தில் அரசு விவகாரங்களைப் பிரசங்க மேடையில் பேசும் குருமாரைச் சிறைக்கு அனுப்ப அது வழிசெய்தது. மேற்கு ஜெர்மனியில் அந்தப் பிரிவு 1953 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. 1872-ல் இயேசு சபையினருக்குத் தடை வந்தது. 1873-ன் மே சட்டங்கள் குருமாரின் கல்வியையும் நியமனத்தையும் அரசின் மேற்பார்வைக்குக் கொண்டுவந்தன. பணிய மறுத்த ஆயர்கள் சிறை சென்றார்கள். கொலோன் பேராயர் மெல்ஷர்ஸ் அவர்களில் ஒருவர்.

அடக்குமுறை எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பலனைத் தந்தது. 1870 டிசம்பரில் பிரஷ்ய நாடாளுமன்றத்தில் உருவாகியிருந்த மையக் கட்சி, 1874 தேர்தலில் பேரரசின் நாடாளுமன்றத்துக்கு 91 பேரை அனுப்பியது. அதன் தலைவர் லுட்விக் வின்ட்ஹார்ஸ்ட் ஹனோவரைச் சேர்ந்த வழக்கறிஞர். பிஸ்மார்க்குக்கு நாடாளுமன்றத்தில் ஈடுகொடுத்துப் பேசக்கூடியவர் என்று பெயரெடுத்தவர். கத்தோலிக்கரின் உரிமையை அவர் சலுகையாகக் கேட்கவில்லை. எல்லாக் குடிமக்களுக்கும் உரிய சட்டப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகக் கேட்டார். 1878-ல் பிஸ்மார்க் சோஷலிஸ்டுகளை ஒடுக்கும் சட்டம் கொண்டுவந்தபோது மையக் கட்சி அதை எதிர்த்து வாக்களித்தது. கடவுள் மறுப்பாளர்களைக் காப்பாற்றும் ஆசை அதற்குக் காரணம் அல்ல. ஒரு பிரிவினரை மட்டும் குறிவைக்கும் விசேஷச் சட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அக்கட்சி சொந்த அனுபவத்தில் கண்டிருந்தது.

பெரிய சோதனை 1887-ல் வந்தது. ராணுவச் செலவை ஏழு ஆண்டுகளுக்கு ஒரே தடவையில் ஒப்புதல் செய்யும் மசோதாவை பிஸ்மார்க் கொண்டுவந்தார். அந்நேரம் போப் 13-ம் லியோ பிஸ்மார்க்குடன் நேரடியாகப் பேசித் திருச்சபைக்கு எதிரான சட்டங்களைத் தளர்த்திக்கொண்டிருந்தார். அந்தச் சமரசம் கெடாமலிருக்க, மசோதாவை ஆதரிக்குமாறு வத்திக்கானிலிருந்து மையக் கட்சிக்கு விருப்பம் தெரிவிக்கப்பட்டது. வின்ட்ஹார்ஸ்ட் மறுத்தார். மசோதாவை எதிர்த்துக் கட்சி நின்றது, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, தேர்தல் நேரத்தில் போப்பின் விருப்பம் பகிரங்கமாகிக் கட்சிக்குப் பெரும் சங்கடம் வந்தது. கொலோன் நகரில் கூடிய தொண்டர்கள் முன் வின்ட்ஹார்ஸ்ட் தந்த விளக்கத்தின் சாரம் இது: விசுவாசத்திலும் ஒழுக்கத்திலும் போப்பின் சொல்லுக்குக் கட்டுப்படுகிறோம், ராணுவ வரவுசெலவு உலகக் காரியம், அதில் முடிவு எங்களுடையது. பின்னால் வந்த கிறிஸ்தவக் கட்சிகள் எல்லாவற்றுக்கும் அளவுகோலாக அமைந்த எல்லைக்கோடு இதுவே.

மதம் சேர்க்கும், கட்சி பிரிக்கும்

இத்தாலியில் கதை வேறு திசையில் தொடங்கியது. 1870-ல் இத்தாலியப் படை ரோமைக் கைப்பற்றி, போப்பின் ஆட்சி நிலப்பரப்புக்கு முடிவு கட்டியது. புதிய அரசை ஏற்க மறுத்த வத்திக்கான், நாடாளுமன்றத் தேர்தலில் கத்தோலிக்கர் பங்கேற்பது தகாது என்று அறிவித்தது. பெரும்பான்மை மக்கள் கத்தோலிக்கராக இருந்த நாட்டில், அவர்களின் அரசியல் அரை நூற்றாண்டு வாசலுக்கு வெளியே நின்றது. 1891-ல் தொழிலாளர் நிலை குறித்து 13-ம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல் இளம் கத்தோலிக்கரிடையே அரசியல் ஆர்வத்தைக் கிளப்பியது. ஆனால் அதே போப் 1901-ல், கிறிஸ்தவ ஜனநாயகம் என்றால் மக்களுக்கு நன்மை செய்யும் தொண்டு என்றே பொருள், அதில் அரசியல் கூடாது என்று வரம்பு கட்டினார்.

1919-ல் அந்தத் தடை முழுதாக நீங்கியது. அந்த ஆண்டு ஜனவரியில், சிசிலியைச் சேர்ந்த லூயிஜி ஸ்தூர்சோ என்ற குருவானவர் இத்தாலிய மக்கள் கட்சியைத் தொடங்கினார். பெயரில் ‘கத்தோலிக்க’ என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே தவிர்த்தார். மதம் எல்லாரையும் உள்ளடக்குவது, கட்சியோ இயல்பிலேயே பிரிப்பது. ஆகவே கத்தோலிக்கக் கட்சி என்ற ஒன்று முரண்பாடு என்பது அவர் வாதம். விவசாயிகளுக்கு நிலம், உள்ளாட்சிக்கு அதிகாரம், விகிதாசாரத் தேர்தல் முறை ஆகியவற்றை முன்வைத்த அக்கட்சி, அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் 100 இடங்களைப் பிடித்தது.

முசோலினி 1922-ல் ஆட்சிக்கு வந்தார். மக்கள் கட்சியினர் சிலர் முதலில் அவர் அமைச்சரவையில் சேர்ந்தார்கள். ஸ்தூர்சோ பாசிசத்துக்கு இடம்கொடுக்க மறுத்தார். முசோலினியோ திருச்சபைக்குச் சலுகைகளை நீட்டினார். தன் பழைய உரிமைகளை மீட்க இதுவே வழி என்று கருதிய வத்திக்கானுக்கு ஸ்தூர்சோ இடைஞ்சலாகத் தெரிந்தார். வத்திக்கானின் நெருக்குதலால் 1923 ஜூலையில் அவர் கட்சிச் செயலாளர் பதவியைத் துறந்தார். 1924-ல் நாட்டைவிட்டு லண்டன் சென்றார். 1946 வரை திரும்பவில்லை. பாசிஸ்டுகளை எதிர்க்கச் சோஷலிஸ்டுகளோடு கைகோக்க மக்கள் கட்சி எண்ணியபோது போப் 11-ம் பயஸ் அதையும் ஏற்கவில்லை. 1926-ல் மற்ற எதிர்க்கட்சிகளோடு சேர்த்து இக்கட்சியும் கலைக்கப்பட்டது.

1929-ல் லாத்தரன் உடன்படிக்கை கையெழுத்தானது. வத்திக்கான் நகரம் தனி நாடானது. பள்ளிகளில் மறைக்கல்வியும் கோவில் திருமணத்துக்குச் சட்ட ஏற்பும் கிடைத்தன. இரண்டே ஆண்டில், 1931-ல், கத்தோலிக்க இளைஞர் அமைப்புகளின் அலுவலகங்களை முசோலினி அரசு இழுத்து மூடியது. போப் கண்டனச் சுற்றுமடல் வெளியிட்டார். அதை நாடாளுமன்றத்தில் எடுத்துப் பேச ஒரு கட்சி இல்லை.

1933: இரு சபைகளின் தோல்வி

ஜெர்மனியில் மையக் கட்சியின் முடிவு இன்னும் துயரமானது. முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த வைமர் குடியரசின் பெரும்பாலான அமைச்சரவைகளில் இடம்பெற்றிருந்த அக்கட்சிக்கு 1928 முதல் தலைவராக இருந்தவர் லுட்விக் காஸ் என்ற குருவானவர். 1933 மார்ச் 23 அன்று, நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவைக்கு மாற்றித்தரும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. அது நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஏற்கெனவே வெளியே தள்ளப்பட்டிருந்தார்கள். மையக் கட்சியின் 70-க்கும் மேற்பட்ட வாக்குகள் முக்கியமாயின. முன்னாள் சான்சலர் ப்ரூனிங் உட்படச் சிலர் கட்சிக் கூட்டத்தில் எதிர்த்தார்கள். திருச்சபையின் உரிமைகள் காக்கப்படும் என்று ஹிட்லர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, எழுத்தில் கடிதம் வரும் என்று காத்திருந்து, கடிதம் வராமலே கட்சி ஒட்டுமொத்தமாக ஆதரித்து வாக்களித்தது. முடிவு 444-க்கு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர்.

ஐந்து நாளில், நாஜிக் கட்சியில் சேரக் கூடாதென்று முன்பு விதித்திருந்த தடையைக் கத்தோலிக்க ஆயர்கள் விலக்கிக்கொண்டார்கள். ஜூலை 5-ல் மையக் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 20-ல் வத்திக்கானும் ஜெர்மனியும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன் ஒரு விதி, குருமார் கட்சி அரசியலில் ஈடுபடுவதைத் தடுத்தது. மார்ச் மாத வாக்குக்கும் ஜூலை உடன்படிக்கைக்கும் நேரடிப் பேரம் இருந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. விளைவில் வேறுபாடு இல்லை. நாடாளுமன்றத்தில் தன் சார்பில் பேசக்கூடிய ஒரே அமைப்பை இழந்து, திருச்சபை ஒரு காகிதத்தை நம்பி நின்றது. அடுத்த ஆண்டே பெர்லின் கத்தோலிக்கப் பொதுநிலையினரின் தலைவர் எரிக் கிளவ்ஸனர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சீர்திருத்தச் சபையினரின் நிலை மேலும் மோசம். அரசரையே சபையின் தலைவராகக் கொண்டு பழகிய அவர்களுக்கு, மையக் கட்சி போன்ற தனி அரசியல் மரபு வளரவில்லை. 1932 தேர்தல்களில் கத்தோலிக்கப் பகுதிகளைவிட அவர்களின் பகுதிகளில் நாஜிக் கட்சி அதிக வாக்கு பெற்றது. ‘ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள்’ என்ற நாஜி ஆதரவுக் குழு 1933 ஜூலையில் சபைத் தேர்தல்களைக் கைப்பற்றியது. யூத வம்சாவளியினரைச் சபைப் பணியிலிருந்து நீக்கும் விதியைக் கொண்டுவர முனைந்தது. அதற்கு எதிராக 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடியவர்கள், இறையியலாளர் கார்ல் பார்த் முதன்மையாக வரைந்த அறிக்கையை வெளியிட்டார்கள். ஆண்டவரின் வார்த்தைக்குச் சமமான இன்னொரு தலைமையைச் சபை ஏற்காது என்பது அதன் மையக் கருத்து. ஒரு தேர்தல் அறிக்கை செய்ய முடியாத வேலையை அந்தச் சிறு ஆவணம் செய்தது. அதே வேளையில், யூதர்கள் மீதான கொடுமையைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லவில்லை என்ற குறையும் அதற்கு உண்டு.

தெ காஸ்பெரி தந்த பதில்

போருக்குப் பின் இரு நாடுகளிலும் கிறிஸ்தவக் கட்சிகள் புதிதாக எழுந்தன. கொலோன் நகரின் முன்னாள் மேயர் கொன்ராட் அடெனாவரும் அவர் தோழர்களும் மையக் கட்சியைத் திரும்ப எழுப்புவதைவிட, கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்த புதிய கட்சி தேவை என்று முடிவெடுத்தார்கள். 1945-ல் பல நகரங்களில் முளைத்த கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம், ஒரே சபையின் குரலாக இருக்கும் வாய்ப்பைப் பிறப்பிலேயே துறந்தது. 1949 முதல் 1963 வரை அடெனாவர் சான்சலராக இருந்தார். மீண்டும் தொடங்கப்பட்ட பழைய மையக் கட்சி சிறு கட்சியாகத் தேய்ந்தது.

இத்தாலியில் ஸ்தூர்சோவுக்குப் பின் மக்கள் கட்சியின் செயலாளராக இருந்து, பாசிச ஆட்சியில் சிறை சென்று, பின்னர் வத்திக்கான் நூலகத்தில் பணியாற்றிக் காலம் கழித்தவர் அல்சிடே தெ காஸ்பெரி. 1945 டிசம்பரில் பிரதமரானார். 1948 ஏப்ரல் 18 தேர்தலில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்துத் திருச்சபை தன் முழு பலத்தையும் இறக்கியது. பங்குதோறும் அமைந்த ‘குடிமைக் குழுக்கள்’ வீடுவீடாகச் சென்றன. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி 48.5 சதவீத வாக்குகளையும் கீழவையில் தனிப் பெரும்பான்மையையும் பெற்றது. ஆனாலும் தெ காஸ்பெரி மதச்சார்பற்ற சிறு கட்சிகளையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். தனித்து ஆண்டால் கட்சி ஆயர்களின் கைப்பிடியில் சிக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1952-ல் ரோம் மாநகராட்சித் தேர்தல் வந்தது. போப்பின் நகரம் கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று 12-ம் பயஸ் அஞ்சினார். முடியாட்சி ஆதரவாளர்களையும் நவபாசிஸ்டுகளையும் சேர்த்து ஒரே பட்டியலாக நிற்பது என்று திட்டம் தீட்டப்பட்டது. பாசிசத்தை எதிர்த்து நாடு கடந்த ஸ்தூர்சோவையே, 80 வயதில், அந்தப் பட்டியலின் முகமாக நிறுத்தப் பார்த்தார்கள். பாசிஸ்டுகளின் வாரிசுகளோடு கைகோக்க முடியாதென்று தெ காஸ்பெரி மறுத்தார், திட்டம் கைவிடப்பட்டது, மதச்சார்பற்ற கூட்டாளிகளோடு நின்ற அவர் கட்சி ரோமில் வென்றது. அதே ஆண்டு, தன் 30-ம் திருமண நாளையும் மகளின் துறவற வார்த்தைப்பாட்டையும் ஒட்டி அவர் குடும்பத்தோடு போப்பைச் சந்திக்க அனுமதி கேட்டார். அது மறுக்கப்பட்டது. ஒரு கிறிஸ்தவன் என்ற முறையில் அந்த அவமானத்தை ஏற்கிறேன், இத்தாலியின் பிரதமர் என்ற முறையில் விளக்கம் கேட்கிறேன் என்ற பொருளில் அவர் வத்திக்கானுக்கான இத்தாலியத் தூதருக்குப் பதில் எழுதினார்.

கட்டளையும் வாக்குச் சாவடியும்

வாக்காளருக்குத் திருச்சபை கட்டளையிட்டபோது என்ன நடந்தது என்பதற்கு நெதர்லாந்து நல்ல உதாரணம். சோஷலிசத் தொழிற்சங்கத்தில் சேரும் கத்தோலிக்கருக்கு நற்கருணையும் திருச்சபை அடக்கமும் மறுக்கப்படும் என்று அந்நாட்டு ஆயர்கள் 1954-ல் மடல் வெளியிட்டார்கள். தொழிலாளர் கட்சியில் சேர்வதையும் கடுமையாகக் கண்டித்தார்கள். 1956 தேர்தலில் தொழிலாளர் கட்சியே முதலிடம் பெற்றது. 1965-ல் அந்தத் தடை விலக்கப்பட்டது. 1963-ல் 150-க்கு 50 இடம் வைத்திருந்த கத்தோலிக்க மக்கள் கட்சி 1972-ல் 27 இடமாகச் சுருங்கியது. சமூகம் மதக் கட்டுகளிலிருந்து விலகிக்கொண்டிருந்ததே இதற்கு முதல் காரணம் என்றாலும், மிரட்டிச் சேர்த்த விசுவாசம் அந்த மாற்றத்தைத் தாங்கவில்லை. இறுதியில் அக்கட்சி சீர்திருத்தச் சபையினரின் இரு கட்சிகளோடு இணைந்து, 1980-ல் ஒரே கட்சியானது.

இத்தாலியிலும் அதே பாடம். கம்யூனிசக் கொள்கையை ஏற்பவர்களைத் திருச்சபைக்குப் புறம்பாக்கும் ஆணை 1949-ல் வத்திக்கானிலிருந்து வந்தது. அதற்குப் பிறகும் கம்யூனிஸ்ட் கட்சியின் வாக்கு 1976 வரை தேர்தலுக்குத் தேர்தல் கூடியது. 1970-ன் மணமுறிவுச் சட்டத்தை நீக்க 1974-ல் பொது வாக்கெடுப்பு நடந்தபோது, திருச்சபையும் கட்சித் தலைமையும் நீக்கும்படி கேட்டும், 59 சதவீதம் பேர் சட்டம் நீடிக்க வாக்களித்தார்கள். அவர்களில் வெளிப்படையாகப் பிரசாரம் செய்த கத்தோலிக்கரும் இருந்தார்கள். 1981-ல் கருக்கலைப்புச் சட்டத்தைக் காக்க 68 சதவீதம் பேர் வாக்களித்தார்கள்.

இதற்கிடையே நீண்ட ஆட்சி கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியை அரித்திருந்தது. 1945 டிசம்பர் முதல் 1981 வரை இத்தாலியின் பிரதமர் எல்லாரும் ஒரே கட்சியினர். கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாதென்ற அச்சம் இருந்தவரை வாக்காளர் ஊழலைப் பொறுத்துக்கொண்டார்கள். பெர்லின் சுவர் விழுந்து அந்த அச்சம் போனதும் பொறுமையும் போனது. 1992-ல் மிலான் நகரில் தொடங்கிய ‘சுத்தமான கைகள்’ லஞ்ச விசாரணை கட்சித் தலைவர்களின் ஒரு தலைமுறையையே கவிழ்த்தது. 1994 ஜனவரியில் கட்சி தன் பெயரைக் கைவிட்டு, ஸ்தூர்சோவின் பழைய கட்சிப் பெயரைச் சூட்டிக்கொண்டது. அரை நூற்றாண்டு அக்கட்சிக்காக வாக்குக் கேட்ட பங்குகளுக்கும் அந்தக் களங்கத்தில் பங்கு வந்து சேர்ந்தது.

இன்றைய இடைவெளி

இந்த அனுபவங்கள் திருச்சபையின் சட்டத்திலும் பதிந்தன. 1965-ல் முடிந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் கட்டுண்டதல்ல என்றது. 1983-ன் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குருமார் அரசாங்க அதிகாரப் பதவிகளை ஏற்பதைத் தடை செய்தது. கட்சிகளில் தீவிரப் பங்கெடுப்பதையும் பொதுவாக விலக்கியது. அரசியல் பொதுநிலையினரின் பொறுப்பு, அதில் கிறிஸ்தவர்கள் வேறு வேறு முடிவுக்கு வரலாம் என்பது இப்போதைய நிலைப்பாடு. 1887-ல் வின்ட்ஹார்ஸ்ட் கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

ஜெர்மனியில் இதன் விளைவு கண்ணெதிரே தெரிகிறது. 2018-ல் பவேரிய மாநில அரசு, தன் அலுவலகங்கள் எல்லாவற்றின் நுழைவாயிலிலும் சிலுவை மாட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆட்சியில் இருந்தது, கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தின் பவேரியச் சகோதரக் கட்சியான கிறிஸ்தவ சமூக ஒன்றியம். அதைக் கண்டித்தவர்களில் முன்னால் நின்றவர் மியூனிக் பேராயர், கர்தினால் ராய்ன்ஹார்ட் மார்க்ஸ். சிலுவையை வெறும் பண்பாட்டு அடையாளமாக்கினால் அதன் பொருளே போய்விடும் என்றார் அவர். 2024 பிப்ரவரியில் ஜெர்மன் கத்தோலிக்க ஆயர்கள், இனவாதத் தேசியம் கிறிஸ்தவத்தோடு ஒத்துப்போகாது, தீவிர வலதுசாரிக் கட்சியான ‘ஜெர்மனிக்கான மாற்று’க்குக் கிறிஸ்தவர்கள் வாக்களிக்கத் தகாது என்று ஒருமனதாக அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் குடியேற்றக் கட்டுப்பாட்டுத் தீர்மானத்தை அதே கட்சியின் வாக்குகளோடு நிறைவேற்ற முனைந்தபோது, பெர்லினில் உள்ள இரு சபைகளின் அலுவலகங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதின.

இந்த ஆயர் அறிக்கைக்கும் 1954-ன் நெதர்லாந்து மடலுக்கும் வேறுபாடு உண்டா என்ற கேள்வி நியாயமானது. இரண்டுமே வாக்காளரை நோக்கியவை. 1954-ன் மடல் ஒரு கத்தோலிக்கக் கட்சியின் வாக்கு வங்கியைக் காத்தது, மீறுவோருக்கு நற்கருணையை மறுத்தது. 2024-ன் அறிக்கை யாருக்கு வாக்களிக்க வேண்டுமென்று சொல்லவில்லை. மீறுவோருக்குத் தண்டனையும் அறிவிக்கவில்லை. ஆயினும் கட்சியின் பெயரைச் சொல்லி விலக்குவது திருச்சபை கடைசியாகக் கையிலெடுக்க வேண்டிய ஆயுதம். அடிக்கடி எடுத்தால் அது முனை மழுங்கும் என்பதற்கு 1949-ன் ரோம் ஆணை சாட்சி.

2022-ல் ஜெர்மன் மக்கள்தொகையில் இரு பெரும் சபைகளின் உறுப்பினர்கள் பாதிக்கும் கீழே இறங்கினார்கள். கிறிஸ்தவப் பெயர் தாங்கிய கட்சியில் கிறிஸ்தவரல்லாதோரும் உறுப்பினராகச் சேரலாம். பங்குகளின் வாக்கை மட்டும் வைத்து இனி எந்தக் கட்சியும் வெல்ல முடியாது. தன் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒரே கட்சியை நம்பித் திருச்சபையும் இருக்க முடியாது. 150 ஆண்டுகளாகத் தலைவர்கள் சிலர் தம் சொந்தத் துணிவால் காத்த இடைவெளி இப்போது இரு தரப்பின் நிலைமையாலேயே அமைந்துவிட்டது. கட்சி தன் கொள்கைக்கு வாக்காளரிடம் பதில் சொல்கிறது. சபை, தன் பெயரைச் சூடிய கட்சியையும் மற்றக் கட்சிகளைப் போலவே கேள்வி கேட்கிறது.